கல்யாணக் கூட்டத்தில் ஒரு கொம்பு

கிலாமாவுக்கும் ஓயெல்லாவுக்கும் சண்டை வந்தால் அது எப்போதும் ஜனங்களைப் பற்றித்தான். ஜனங்கள் என்றால் கல்யாணத்துக்கு ஆட வருகிறவர்கள். அவர்கள் போடுகிற கூச்சல், குலவை, சீழ்க்கை, கொம்பு, குடித்துவிட்டுப் பண்ணுகிற அலப்பறை எல்லாவற்றையும் ஓயெல்லா கூட்டத்துக்குள் இரண்டு மைக் நட்டுத் தனியாகப் பிடித்து வைப்பாள். கிலாமா கீபோர்டு மெஷினில் வாசிப்பது வேறு தடத்தில் நேராக ஏறிவிடும். அப்புறம் குலு நகரத்தில், மாவு மில்லுக்குப் பின்னாலிருக்கிற அவர்களுடைய ஒற்றை அறை ஸ்டுடியோவில் உட்கார்ந்து இரண்டையும் கலப்பார்கள். ரகளை அங்கேதான்.

“ஜனங்களைக் கொஞ்சம் இறக்கு. நான் வாசிச்சது கேக்கவே மாட்டேங்குது.”

“நீ வாசிச்சது மட்டும் கேக்கணும்னா கதவைச் சாத்திக்கிட்டு வீட்ல வாசி. இது லைவ் ஆல்பம்டா. கல்யாணம் கேக்கணும்.”

“கல்யாணம் கேக்கட்டும். அந்தக் கிழவி இருமுறது எதுக்கு?”

“அவ என் அத்தை. இருக்கட்டும்.”

கடைசியில் ஜெயிப்பது பெரும்பாலும் கிலாமாதான். மெஷின் அவனுடையது, ஆல்பத்தில் பெயரும் அவனுடையது. முதல் இரண்டு லைவ் ஆல்பத்திலும் ஜனங்களை அமுக்கித்தான் வைத்தான். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் இப்போது மூன்றாவது கேட்டிருந்தார்கள்.

அந்த மெஷின் வந்த கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். போர்க் காலத்தில் ஜனங்களையெல்லாம் முகாமில் கொண்டுபோய் அடைத்தார்கள். எங்கள் கல்யாண ஆட்டத்துக்கு லரகரக என்று பெயர். அது வேண்டுமானால் சுரைக்குடுக்கையைச் சைக்கிள் கம்பியால் தட்ட ஒரு பெருங்கூட்டமே வேண்டும். முகாமில் அத்தனை பேருக்கு எங்கே போவது? பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப் பேருக்குக் கையைத் தூக்கத் தெம்பில்லை. கல்யாணம் மட்டும் நின்றுவிடுமா என்ன? யாரோ ஒருத்தன் கீபோர்டையும் பழைய கம்ப்யூட்டரையும் வைத்து அத்தனை கைகளின் வேலையையும் தானே செய்தான். நெஞ்சு படபடக்கிற மாதிரி வேகம் கூடியது. போர் முடிந்து ஜனங்கள் ஊர் திரும்பினார்கள், மெஷின் மட்டும் போகவில்லை. இப்போது ஐரோப்பாவில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் அதற்கு விடிய விடிய ஆடுகிறார்களாம். ஆடிவிட்டுப் போகட்டும்.

அன்றைக்கு மத்தியானம் பலாபெக் ஊர்க் கல்யாணத்தை எடுத்து வைத்துக் கலந்துகொண்டிருந்தார்கள். கூட்டத்தின் தடத்தில் ஏதோ இரைச்சல் என்று ஓயெல்லா மெஷின் தடங்களையெல்லாம் அணைத்துவிட்டு, ஜனங்களை மட்டும் ஓடவிட்டாள். மெஷின் போனதும் கல்யாணம் மேலே வந்தது. காலடிச் சத்தம். ஒரு பெண்ணின் சிரிப்பு. “என் செருப்பு! என் செருப்பு!” என்று யாரோ கத்துவது. அதற்குப் பின்னால், மதுப் பானைகள் இருந்த பக்கத்திலிருந்து, ஒரு கொம்பு.

கிலாமா வேகவைத்த மரவள்ளியைத் தின்றுகொண்டிருந்தான். வாயில் மரவள்ளியோடே எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினான்.

“சட்டை நனையலை!”

ஓயெல்லா நாற்காலியோடு சாயப் பார்த்தாள். “ஏய்! பேய் கீய் புடிச்சிருச்சா உனக்கு?”

கத்தினது கிலாமாவுக்கே அப்புறம்தான் தெரிந்தது. வாயிலிருந்ததை விழுங்கினான். “மறுபடி போடு,” என்றான்.

எங்களில் ஒவ்வொரு ஆணுக்கும் மீசை அரும்புகிற வயதில் அவனுக்கென்று ஒரு கொம்பு மெட்டு வந்துவிடும். அதற்கு நாலு வார்த்தையும் இருக்கும். ஆட்டத்தில் அவன் மெட்டை ஊதினால் அவன் வீட்டு ஆட்களும் கூட்டாளிகளும் எங்கே நின்றாலும் அந்த வார்த்தையைக் கத்திப் பதில் குரல் கொடுக்க வேண்டும். யோசித்துக் கொடுக்கிற பதில் இல்லை, தானாக வந்துவிடும். ஒருத்தன் மெட்டை இன்னொருத்தன் ஊதமாட்டான். ஊதினால் அங்கேயே பல்லைத் தட்டிக் கையில் கொடுப்பார்கள்.

அந்த மெட்டு கிலாமாவின் அண்ணன் லபேஜாவுடையது. அஸ்வா ஆற்றில் வெள்ளம் போன ஒரு நாள், அக்கரையில் ஆட்டம் என்று கேள்விப்பட்டு, பயல் சட்டையைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு நீந்திப் போய்விட்டான். அக்கரை ஏறி, உலர்ந்த சட்டையை மாட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி ஆட்டத்தில் போய் நின்றான். கூட்டாளிகள் வைத்த வார்த்தைதான் “சட்டை நனையலை.” அம்மா விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு அடிக்கத் துரத்தினாளாம். அப்புறம் அவளே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அதற்கு அடுத்த அறுவடைக்குள் லபேஜாவை மரவள்ளித் தோட்டத்திலிருந்து போராளிகள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கிலாமா சின்னப் பையன். புல்லுக்குள் படுத்துக் கிடந்தான். அந்தப் போரை நடத்தினவர்களைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை. பேசினால் வாய்தான் கசக்கும். போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் செத்ததைப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். லபேஜாவைப் பற்றி ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

“இது எந்த மைக்?” என்றான் கிலாமா.

“இடது மைக். பானைப் பக்கம்.” ஓயெல்லாவுக்கு இப்போது விஷயம் புரிந்துவிட்டது. அவளும் முகாமில் வளர்ந்தவள்தான். மெதுவாகச் சொன்னாள், “கிலாமா, நான் சொல்றதைக் கேளு. மொதல்ல ஊதினவனைத் தேடு. ஆளைக் கண்ணால பாரு. அதுவரைக்கும் உங்க அம்மாகிட்ட மூச்சு விடாதே.”

“என் அண்ணன் மெட்டு ஓயெல்லா. வேற எவன் ஊதுவான்?”

“அதான் சொல்றேன். தேடு.”

கேட்டானா? கேட்கவில்லை. அரைமணியில் கம்ப்யூட்டரை முதுகில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஊருக்குக் கிளம்பிவிட்டான். கெட்டிக்காரன்தான், இருந்தாலும் அந்த நேரத்தில் எந்தக் கெட்டிக்காரனுக்குப் புத்தி வேலை செய்யும்?

அவன் போன நேரமும் அப்படிப்பட்ட நேரம். வீட்டு முற்றத்தில் முளைகட்டின கேழ்வரகு பாயில் காய்ந்துகொண்டிருந்தது. லபேஜாவின் கடைசிச் சடங்குக்கு மது காய்ச்ச வைத்தது அது. கிலாமாவின் அப்பா செத்து வெகுகாலம் ஆகியும் அவருக்கே அந்தச் சடங்கு நடக்கவில்லை. செய்தால் வீட்டில் இல்லாத எல்லோருக்கும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும், லபேஜாவையும் சேர்த்துத்தான். அம்மா மாட்டேன் என்று நின்றுவிட்டாள். உயிரோடிருக்கிறவனுக்குக் கடைசிச் சடங்கு செய்தால் அவன் எங்கிருந்தாலும் செத்துவிடுவான், என் பிள்ளையை நானே கொல்லட்டுமா என்பாள். சித்தப்பா லட்வார் ஒவ்வொரு வருஷமும் வந்து பேசிப் பேசிப் பார்த்து, இந்த வருஷம்தான் ஒரு வழியாகத் தலையாட்ட வைத்திருந்தார். தலையாட்டினதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் வழக்கப்படி தலைப்பிள்ளை பெயரைச் சொல்லித்தான் அம்மாவைக் கூப்பிடுவார்கள். தண்ணீர்க் குழாயடியில், சந்தையில், கோயிலில், “லபேஜாம்மா, லபேஜாம்மா” என்று நாள் முழுக்க அந்தப் பெயர் அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை, ஒரு ஆட்டத்துக்குப் போகவில்லை. சொந்த மகன் மெஷின் வாசிக்கிறதைக்கூட ஒரு தடவை நின்று கேட்டதில்லை. வேலை முடிந்தால் பாதையைப் பார்க்கிற மாதிரி மாமரத்தடியில் உட்கார்ந்துவிடுவாள்.

கிலாமா ஹெட்போனை அவள் தலைத்துணி மேலேயே மாட்டிவிட்டான். அவள், “என்னடா இது கழுதைக்குச் சேணம் கட்ற மாதிரி,” என்று முனகினாள். அப்புறம் உதடு மட்டும் அசைந்தது. சத்தமில்லாமல், சட்டை நனையலை, என்றாள்.

“மறுபடி போடு.”

போட்டான். எத்தனை தடவை என்று கணக்கில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை அவளிடம். ஹெட்போனைக் கழற்றி அவன் மடியில் வைத்துவிட்டு எழுந்து போய், பாயின் ஒரு முனையைப் பிடித்து உதறினாள். கேழ்வரகு முற்றமெல்லாம் சிதறியது. கோழிகள் ஓடி வந்தன.

“என் பிள்ளை உசுரோட இருக்கான்,” என்றாள். “எவனும் இந்த வீட்ல சடங்குன்னு வாயைத் திறக்கக் கூடாது.”

சித்தப்பா லட்வார் சாயந்திரமே வந்துவிட்டார். வரும்போதே தலையில் கை.

“அண்ணி! ஒரு கொம்புச் சத்தத்துக்கு ஒரு பாய்க் கேழ்வரகைக் கோழிக்குப் போட்டுட்டீங்களே!”

“கோழியும் நம்ம வீட்டுக் கோழிதான்.”

“யாரோ ஒரு குடிகாரன் தப்பா ஊதியிருப்பான்.”

“என் மகன் மெட்டை ஒருத்தன் தப்பா ஊதி, அது சரியா வந்துருச்சாக்கும்? அடுத்தவன் மெட்டை ஊதுறவனுக்குப் பல்லு இருக்குமா கொழுந்தனாரே?”

“அது ஊர்ல. காட்டுக்குள்ள எவன் பல்லை எண்ணிக்கிட்டிருந்தான்?” என்று சித்தப்பா வாய் தவறிச் சொல்லிவிட்டார். சொன்னதும் அவருக்கே சுருக்கென்றது. கிலாமாவின் பக்கம் திரும்பி, “நீயெல்லாம் படிச்சவன். அம்மாகிட்ட கொண்டாந்து கொட்றதுக்கு முன்னால என்கிட்ட வந்திருக்கக் கூடாதா? இப்ப அவன் இல்லேன்னு ஆச்சுன்னா இவங்க ரெண்டாந்தரம் தாங்குவாங்களா?” என்று கேட்டார்.

அம்மா அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். காதில் விழாத மாதிரி இருந்தாள்.

குலுவுக்குத் திரும்பினபோது ஓயெல்லா அறையிலேயே இருந்தாள். பழைய டிஸ்குகளையெல்லாம் மேஜையில் பரப்பி வைத்திருந்தாள், முதல் ஆல்பத்துக்கும் இரண்டாவது ஆல்பத்துக்கும் பதிவு பண்ணின கல்யாணங்கள். திட்டுவாள் என்று நினைத்தான். திட்டவில்லை.

“உக்காரு,” என்றாள். “பலாபெக்கைச் சுத்தி, கிட்கும் பக்கத்துக் கல்யாணத்தையெல்லாம் எடுத்து உன் மெஷினை அணைச்சுட்டுக் கேட்டேன்.”

ஒவ்வொன்றாகப் போட்டாள். போன வருஷத்துக் கல்யாணம் ஒன்று. அதற்கும் முந்தினது. மழையில் நடந்த ஒன்று. எல்லாவற்றிலும் எங்கேயோ தள்ளி அந்தக் கொம்பு இருந்தது. மெட்டை ஒரு தடவை ஊதும். நிற்கும். யாராவது பதில் குரல் கொடுக்கிற அளவுக்கு நேரம் விடும். அப்புறம் மறுபடி ஊதும். மறுபடி நிற்கும்.

அந்த இடைவெளியைத்தான் கிலாமாவால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு கல்யாணத்திலும் பத்தடி தள்ளி மேடையில் நின்றவன் அவன்தானே. இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர், காதில் ஹெட்போன். அப்புறம் அறைக்கு வந்து, கலக்கும்போது, ஜனங்களை இறக்கு என்று சொன்னவனும் அவன்தான். வெளியே வந்த ஆல்பத்தில் அந்தக் கொம்பின் மூச்சுகூட இல்லை. இவன் கையாலேயே இறக்கினது.

“நான் அமுக்கிட்டேன் ஓயெல்லா,” என்றான். மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதான்.

“தெரியாம செஞ்சது. எந்திரி,” என்றாள் அவள். அவள் குரலும் சரியாக இல்லை.

நடுவில் கம்பெனியிலிருந்து சேதி வேறு வந்தது. ஓயெல்லா ஜனங்களை இறக்காமலே மாதிரிக்கு அனுப்பியிருந்த பலாபெக் பாட்டில் அந்தக் கொம்பு அபாரம், இன்னும் தூக்கிவிடுங்கள், முடிந்தால் திரும்பத் திரும்ப வருகிற மாதிரி வையுங்கள் என்று எழுதியிருந்தார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும். கிலாமா பதிலே போடவில்லை.

பலாபெக்கிலேயே அடுத்த கல்யாணம் வந்தது. ஸ்பீக்கர்களை ஏற்றின பிக்கப்பில், முன் சீட்டில், யாரும் கூப்பிடாமலே அம்மா ஏறி உட்கார்ந்துகொண்டாள். பெட்டியின் அடியிலிருந்து பழைய கல்யாண உடுப்பை எடுத்துக் கட்டியிருந்தாள். மடியில் ஒரு சட்டி. எள்ளுப் பசையில் வேகவைத்த கறி, லபேஜாவுக்குப் பிடித்தது. சாலையில் பள்ளம் வரும்போதெல்லாம் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா,” என்று கிலாமா ஆரம்பித்தான். “ஒருவேளை அது அண்ணனா இல்லேன்னா...”

“வண்டியைப் பாத்து ஓட்டு.”

“இல்லம்மா, நான் என்ன சொல்றேன்னா...”

“நீ பொறக்குறதுக்கு முன்னாலேருந்து அவன் என் பிள்ளை. பேசாம ஓட்டு.”

வெயில் சாய்ந்த நேரம் ஆட்டம் சூடு பிடித்தது. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, தலையில் இறகு, இடுப்பில் மணி, புழுதி முழங்கால் உயரம். நீள நீளக் குழல்களைப் பானையில் விட்டு மது உறிஞ்சுகிற பெரிசுகள் உட்கார்ந்த இடத்திலேயே தோளைக் குலுக்கினார்கள். ஓயெல்லா இரண்டு மைக்கையும் பானைப் பக்கமே நட்டிருந்தாள். அம்மா இடது பக்க ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆடுகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தத்தில் அவளுக்குக் காது வலித்திருக்கும். நகரவில்லை.

ஆட்டம் உச்சத்துக்குப் போகிற இடத்தில், வேகம் இன்னும் ஒரு படி ஏறும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிற இடத்தில், கிலாமா மெஷினை நிறுத்தினான்.

ஐயோ, அதைப் போல ஒரு பாவம் கல்யாணத்தில் கிடையாது. காலைத் தூக்கினவர்கள் தூக்கினபடி நின்றார்கள். பெண்ணின் மாமன் கம்பைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடி வந்தார். “எவன்டா நிறுத்தச் சொன்னது? எங்க வீட்டுக் கல்யாணத்துல வந்து சகுனத் தடையா பண்றே?”

“ஜெனரேட்டரா?” என்று யாரோ கேட்டார்கள்.

“ஜெனரேட்டர் ஓடுது. இவன் மண்டைதான் நின்னுபோச்சு.”

கிலாமா மைக்கை எடுத்தான்.

“சட்டை நனையலை!”

ஒன்றுமில்லை. ஜனங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். மாமன் கம்பை இறக்கிவிட்டார், இது யாரோ ஒருத்தனுடைய கொம்பு மெட்டின் வார்த்தை என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. கிலாமா இன்னொரு தரம் கத்தினான். இந்தத் தடவை குரல் உடைந்தது.

“சட்டை நனையலை!”

பானைகளுக்குப் பின்னாலிருந்து கொம்பு பதில் சொன்னது. பாதி மெட்டு வந்து மூச்சு முட்டி நின்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து முழுசாக வந்தது.

அம்மா எழுந்தாள். கூட்டம் வழிவிட்டது. ஒரு ஆள் கொம்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தான். குள்ளமாக இருந்தான், இளைய வயது, கிலாமாவைவிட ஒன்றிரண்டு வயது கம்மி. அவன் கிட்டே வந்து முகம் தெரிகிற வரைக்கும் அம்மாவுக்குக் காத்திருக்கத் தேவைப்படவில்லை. நடையைப் பார்த்ததுமே லபேஜா இல்லை என்று தெரிந்துவிட்டது. அவள் கை நாற்காலியின் முதுகைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

அவன் மேடையை அண்ணாந்து பார்த்தான். “யாரு கத்தினது? நீங்களா?” என்றான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. “நீங்களாண்ணே? நீங்க வாசிக்கிற கல்யாணத்துக்கெல்லாம் வருவேனே! உங்க மேடைக்கு முன்னாலயே நின்னு ஊதியிருக்கேனே!”

“உன் பேரென்ன தம்பி?” என்றாள் அம்மா. அவள்தான் கேட்டாள்.

“நியேகோங்கம்மா.”

“இந்த மெட்டு உனக்கு யார் குடுத்தது?”

அவன் அவளைப் பார்த்தான். அவள் யாரென்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. புழுதியில் அப்படியே முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

“அவர் பேர் எனக்குத் தெரியாதும்மா. என்னையும் புடிச்சுட்டுப் போயிருந்தாங்க. காட்டுக்குள்ள யாரும் நெஜப் பேரைச் சொல்லக் கூடாது. ஊர்ப் பேர் சொல்லிட்டுத் தப்பிச்சா அந்த ஊரைக் கொளுத்திருவாங்க. அவர் என்னை முதுகுல தூக்கியிருக்கார். நான் பொடியன், நடக்க முடியாது, நடக்காதவனை அங்கேயே அடிச்சுப் போட்டுருவாங்க. சோளம் கெடைச்சா பாதி எனக்கு. சாயந்தரமானா வாயாலயே இந்த மெட்டை ஊதிக் காட்டுவார். ‘என் ஊரைச் சொல்ல மாட்டேன், உன்னை அடிச்சா நீ சொல்லிருவே. இதைக் கத்துக்க. நீ வீடு போய்ச் சேர்ந்தா, எங்க ஆட்டம் நடந்தாலும் போய் ஊது. எவன் பதில் குரல் குடுக்கிறானோ அவன்தான் என் வீட்டுக்காரன்’ம்பார்.”

“அப்புறம்?”

“அம்மா...”

“சொல்லுப்பா. நான் கேட்டுக்கறேன்.”

“பட்டாளத்துக்காரங்க மேலேருந்து ஹெலிகாப்டர்ல சுட்டாங்க. தொடையில பட்டுது. புண்ணு அழுகிருச்சு. எல்லைக்கு அந்தப் பக்கம், ஒரு புளியமரத்தடியில. நான் கூட இருந்தேன். கையாலயே குழி தோண்டி மண்ணு போட்டேன்மா. நாய் நரி இழுக்காம கல்லு அடுக்கினேன்.”

“ஆழமாத் தோண்டினியா?”

“முடிஞ்ச மட்டும் தோண்டினேன்.”

“கடைசியில தண்ணி கேட்டானா?”

“குடுத்தேன்மா.”

அம்மா தலையை ஆட்டினாள். குனிந்து சட்டியை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் கொம்பை அவள் காலடியில் வைத்து, “இனிமே நான் ஊத மாட்டேன்மா. என் வேலை முடிஞ்சுது,” என்றான்.

“எடுத்துக்க. எங்க வீட்டுக்கு வந்து சடங்கன்னிக்கு ஒருதரம் ஊதணும் நீ. அன்னிக்கு நாங்க எல்லாரும் பதில் குடுப்போம். அதோட போதும்.”

கிலாமா மேடையிலிருந்து இறங்கி வந்திருந்தான். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டான். “நான்தாம்மா. என் மெஷின்தாம்மா. இத்தனை வருஷம் அண்ணன் கூப்பிட்டது என் காதுல விழாமப் போச்சே.”

“நீ ஏண்டா அழறே?” என்றாள் அவள். “உனக்கு வேலை. உனக்குச் சத்தம். நான் என்ன பண்ணினேன்? வந்துருவான் வந்துருவான்னு வழியைப் பாத்துக்கிட்டு வீட்லயே உக்காந்திருந்தேன். பிள்ளை காணாமப் போனவளுக்குக் கல்யாணம் என்ன கேடுன்னு ஒரு ஆட்டத்துக்கும் வரலை. ஒருதரம், ஒரே ஒருதரம் வந்து நின்னிருந்தா, எந்த மெஷின் போட்டாலும் இந்தக் காதுக்கு அது தப்பியிருக்குமா?”

கிலாமா அவள் காலை விடாமல் பிடித்திருந்தான்.

அம்மாவின் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். எங்கள் பெண்கள் சாவுக்குக் குரல் எடுத்தால் நாலு ஊருக்குக் கேட்கும். கேட்க வேண்டும் என்றுதான் எடுப்பது. ஆனால் கல்யாண வாசலில் அந்தக் குரல் எழக் கூடாது. எழுந்தால் மணப்பெண்ணின் வயிறு திறக்காது என்பார்கள். மணப்பெண் தன் வரிசையில் சிலையாக நின்றுகொண்டிருந்தாள், சின்னப் பெண், நெற்றியெல்லாம் வேர்வை. அவளுடைய அம்மா ஓடி வந்து லபேஜாவின் அம்மாவுக்கு முன்னால் இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு நின்றாள். “அக்கா, எனக்கு மனசு வெடிக்குது. ஆனா இங்க வேண்டாம்க்கா. என் பொண்ணு...” என்றாள். மேலே சொல்ல முடியாமல் அவளும் அழுதாள்.

அம்மா மணப்பெண்ணைப் பார்த்தாள். முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

“கிலாமா. மெஷினைப் போடு.”

“வேண்டாம்மா, வீட்டுக்குப் போயிடலாம். வண்டியை எடுக்கறேன்.”

“வீடு வரைக்கும் தாங்காதுடா. போடு. உன்னால எவ்வளவு சத்தமாப் போட முடியுமோ அவ்வளவு சத்தமாப் போடு.”

கிலாமா மேடை ஏறினான். கைப் பழக்கத்தில் மெஷின் ஓடத் தொடங்கியது. அப்புறம் மணப்பெண்ணின் அம்மா முதல் அடி வைத்தாள், மாமன் வைத்தார், வரிசை சேர்ந்தது, புழுதி கிளம்பியது. நியேகோ சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பானைப் பக்கம் உட்கார்ந்திருந்தான். ஓயெல்லா போய் இரண்டு மைக்கின் ஒயரையும் பிடுங்கினாள்.

அம்மா இடது பக்க ஸ்பீக்கருக்குப் பின்னால் போய், அதன் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. வாய் முழுசாகத் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கிலாமா பத்தடி தள்ளி நின்று பார்த்தான். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினான்.